ஏழு மணி மலாய் நாடகமா, கொரிய நாடகமா?

மலேசியாவில் டிவி3-இன் மாலை ஏழு மணி 'அகாசியா' வரிசை மலாய்த் தொடர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: டத்தோ (அரச கௌரவப் பட்டம் பெற்றவர்) வீட்டுப் பையன், கட்டாயக் கல்யாணம், சிடுசிடு மாமியார். பாதியில் மக்ரிப் பாங்கு (அந்தித் தொழுகைக்கான அழைப்பு) ஒலிக்கும், கதை நிற்கும், அப்புறம் தொடரும். பல தொடர்கள் மலாய்ப் பெண்கள் விரும்பிப் படிக்கும் காதல் நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

நாயகி படித்தவள், தூடோங் (முஸ்லிம் பெண்களின் தலைத்துணி) அணிந்து ஆபீஸ் போகிறவள், சொந்தமாகக் கார் ஓட்டுகிறவள். ஆனால் வீட்டுக்குள் சிக்கல் வந்தால் தீர்வு பெரும்பாலும் 'சபார்', அதாவது பொறுமைதான். எனக்கு எரிச்சலே இதில்தான். ஆனாலும் கணவன் இரண்டாம் திருமணத்துக்கு ஷரியா நீதிமன்ற அனுமதி கேட்பது போன்ற காட்சி வந்தால், பார்க்கிறவளுக்கு அது பக்கத்து வீட்டுக் கதை. மறுநாள் ஆபீஸில் அதைப் பற்றித்தான் பேச்சு.

கொரிய நாடகம் வேறு ரகம். 2002-இல் 'வின்டர் சொனாட்டா' இங்கே ஒளிபரப்பாகி ஒரு அலையையே கிளப்பியது. குடும்ப மரியாதை, பெரியவர்களுக்குப் பணிவு, தொட்டுக்கொள்ளாத நீண்ட காதல் எல்லாம் மலாய் வீட்டுக்கு ஒத்துப்போகின்றன. சோஜு (கொரிய மது) பாட்டிலும் பன்றி இறைச்சியும்தான் ஒட்டாதவை; அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே நாயகி எடுக்கும் முடிவுக்கு, பார்க்கிற மலாய்ப் பெண்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கனவு காணக் கொரியா, சண்டை போட்டுப் பேச அகாசியா. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், என் ஓட்டு அந்த எரிச்சலூட்டும் ஏழு மணிக்கே.