மியூசினஸ் மார்பகப் புற்று: மேமோகிராமா, அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ-யா?

மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 2 சதவீதம்தான் மியூசினஸ் கார்சினோமா. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது. புற்றணுக்கள் மியூசின் என்ற கோழைக்குள் மிதக்கும். கட்டியை அறுத்தால் நுங்கு மாதிரி பளபளக்கும். அக்கம்பக்கத் திசுவை இழுத்துச் சுருக்காமல் தள்ளிக்கொண்டே மெதுவாக வளர்வதால், படத்தில் ஓரம் சீராக, பார்க்க அப்பாவியாக இருக்கும். ஸ்கேன் அறையிலேயே வேலை பார்ப்பவன் என்ற முறையில், மூன்றில் என் ஓட்டு அல்ட்ராசவுண்டுக்கு.

மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். உருண்டையாக, அடர்த்தி குறைவாகத் தெரிந்தால் நீர்க்கட்டியா, ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றல்லாத கட்டியா, இந்தப் புற்றா என்று அது சொல்லாது. ஓரம் முள்முள்ளாக இருந்தால் வேறு வகைப் புற்றும் கலந்திருக்கலாம் என்று சந்தேகம் வரும், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ-யில் டி2 என்ற வகைப் படத்தில் கட்டி பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும். சிக்கல் என்னவென்றால், சில ஃபைப்ரோஅடினோமாவும் அச்சு அசல் இப்படியே நடந்துகொள்ளும். இந்த வகைக் கட்டியை எம்.ஆர்.ஐ-யில் நான் பார்த்தது குறைவு. பார்த்தவையும் பயாப்சி (திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பது) முடிந்து, அறுவைக்கு முன் பரவலை அளக்க வந்தவை. அந்த வேலைக்கு அது நல்ல கருவி.

அல்ட்ராசவுண்டிலும் ஒரு பொறி உண்டு. சுற்றியிருக்கும் கொழுப்பின் அதே சாம்பல் நிறத்தில் கட்டி தெரிவதால், அவசரமாகத் தேய்த்துக்கொண்டு போனால் தவறிவிடும். தோல்மேல் வைத்து நகர்த்தும் ப்ரோபைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: கொழுப்பு என்றால் நீண்டு பக்கத்துக் கொழுப்போடு சேர்ந்துவிடும், கட்டி எந்தக் கோணத்திலும் தனியாகவே நிற்கும். அதற்குப் பின்னால் பெரும்பாலும் படம் வெளுத்துத் தெரியும்.

இருந்தும் அல்ட்ராசவுண்ட் ஏன்? ஊசி. மூன்று படங்களுமே நிச்சயமாகச் சொல்லாத ஒரு நோய்க்கு, திசு எடுக்க எது சுலபமாக வழிவிடுகிறதோ அதுதான் முக்கியம். அதே மேசையில், மரத்துப்போக ஊசி போட்டு, 14 கேஜ் தடிமனான ஊசி கட்டிக்குள் நுழைவதைத் திரையில் பார்த்தபடியே துண்டு எடுக்கலாம். சில சமயம் துண்டு கெட்டியாக வராமல் வழவழவென்று வரும், அப்போதே பயாப்சி சீட்டில் "மியூசினஸ்?" என்று எழுதிவிடுவேன். மெல்லிய ஊசியில் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி இங்கே எனக்குப் போதாது; கோழை மட்டும் வந்தால் ஃபைப்ரோஅடினோமாவோடு குழப்பம் வரும். கையோடு அக்குள் நெறிக்கட்டிகளையும் பார்த்துவிடலாம்.

அறுபது வயதில் புதிதாக ஒரு உருண்டைக் கட்டி, ரிப்போர்ட்டில் "ஃபைப்ரோஅடினோமா போல, 6 மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று வந்தால் நான் காத்திருக்க மாட்டேன். ஊசி பயாப்சிதான் கேட்பேன். ஆனால் ஊசித் துண்டும் ஒன்றைத் தீர்த்துச் சொல்லாது. 90 சதவீதத்துக்கு மேல் மியூசின் இருக்கும் சுத்த வகையா, நெறிக்கட்டிக்குப் பரவும் வாய்ப்பு கூடுதலான கலப்பு வகையா என்பது முழுக் கட்டியும் பேதாலஜி மேசைக்குப் போன பிறகுதான் உறுதியாகும்.