நுண்ணோக்கி வாங்கும்போது ‘எத்தனை எக்ஸ்’ என்று ஏன் கேட்கக் கூடாது: ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

மைக்ரோஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ‘எத்தனை எக்ஸ் வாங்கலாம்?’, அதாவது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதை வாங்கலாம் என்றுதான். தாவரவியல் ஆய்வகத்தில் இரண்டு கண்ணாலும் பார்க்கும் சாதாரண பைனாகுலர் நுண்ணோக்கி ஒன்றைப் பல வருடமாகப் புழங்கி வருகிறேன். அவ்வப்போது சாம்பிளை எடுத்துக்கொண்டு, ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும் இடத்துக்கும் போய் வருவதுண்டு. என்னைக் கேட்டால் அந்த எக்ஸ் கணக்கைக் கடைசியில் பார்த்தால் போதும்.

ஆன்லைனில் 2000 எக்ஸ், 2500 எக்ஸ் என்று விற்கிறார்களே, அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சாம்பிளுக்கு அருகே இருக்கும் 100 எக்ஸ் லென்ஸுக்கு மேல், கண்ணருகே இருக்கும் 10 எக்ஸ் ஐபீஸுக்குப் பதிலாக 20 அல்லது 25 எக்ஸ் ஐபீஸைச் செருகிவிடுகிறார்கள். படம் பெரிதாகும், ஆனால் புதிதாக ஒரு கோடுகூடத் தெரியாது. இப்படிப்பட்ட சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வைத்து ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே 1873-லேயே சொல்லிவிட்டார். அந்தச் சூத்திரத்தை ஜெனா நகரில் அவருடைய நினைவுச் சின்னத்திலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த ஐபீஸும் அதைத் தாண்டாது.

வாங்கும்போது லென்ஸின் பக்கவாட்டைப் பாருங்கள். 100/1.25 என்று பொறித்திருக்கும். கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்; லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைச் சொல்வது அதுதான். அதை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் உருப்படியான பெருக்கத்தின் உச்சவரம்பு; இங்கே 1250. கீழே 0.17 என்று இன்னொரு எண் இருக்கும். அது சாம்பிளின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் தடிமன், மில்லிமீட்டரில். தடித்த மலிவு கவர்ஸ்லிப்பைப் போட்டுவிட்டு, 40 எக்ஸில் படம் மங்கலாக இருக்கிறது என்று லென்ஸைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தினசரிப் புழக்கத்தில் என் பாதி வேலையைச் செய்வது விளக்கொளியைச் சாம்பிளில் குவிக்கும் கண்டென்சருக்குக் கீழே, ஐரிஸ் என்ற ஒளித்திறப்பைத் திறந்து மூடும் சின்ன நெம்புகோல். சாயம் போடாத வெங்காயத் தோலை வைத்ததும் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் உடனே விளக்கைக் கூட்டுவார்கள். அப்போது கொஞ்சம் தெரிந்ததும் காணாமல் போகும். ஐரிஸை மெல்ல மூடிக்கொண்டே வந்தால் செல் சுவர் எழுந்து நிற்கும். ரொம்பவும் மூடினால் விளிம்புகளைச் சுற்றிப் போலி வளையங்கள் வரும், நுணுக்கமும் போய்விடும். நடுவில் ஓரிடம் இருக்கிறது, அது கைப்பழக்கம்.

எல்இடி விளக்கு இருப்பதையே வாங்குங்கள். பழைய ஹாலஜன் விளக்கின் சூட்டில் குளத்துத் தண்ணீர் ஸ்லைடு சீக்கிரம் காய்ந்துவிடும். உயிரோடு இருப்பதைப் பார்க்க முடியவில்லை என்றால் ஒளி நுண்ணோக்கி எதற்கு? ஹைட்ரில்லா இலையைக் கிள்ளித் தண்ணீரில் வைத்து 40 எக்ஸில் பாருங்கள், சாயமே வேண்டாம். சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் பசுங்கணிகங்கள் என்ற பச்சை மணிகள் செல் சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக நகர ஆரம்பிக்கும். கோடிக்கணக்கில் விலையுள்ள எந்த எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் இந்த ஓட்டத்தைப் பார்க்க முடியாது.

பராமரிப்பில் இரண்டு தொல்லைகள். 100 எக்ஸில் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே இம்மர்ஷன் ஆயில் என்ற எண்ணெயை விட்டுப் பார்த்துவிட்டு யாராவது அப்படியே 40 எக்ஸுக்குத் திருப்பினால் அந்த லென்ஸ் எண்ணெயில் குளித்துவிடும். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். உள்ளே போய்விட்டால் துடைக்கவும் முடியாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, அதன் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுகிறேன். செலவு குறைவு, பலன் அதிகம்.

இனி எலக்ட்ரான். தாமரை இலையில் தண்ணீர் ஏன் ஒட்டாது என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஒளி நுண்ணோக்கியில் இலையின் மேற்பரப்பு சின்னச் சின்ன மேடுகளாகத் தெரியும், அவ்வளவுதான். அந்த மேடுகளின் மேல் இருக்கும் மெழுகுக் குழாய்களின் தடிமன் 100 நானோமீட்டர் அளவில்தான். ஆபே போட்ட கோட்டுக்குக் கீழே. எலக்ட்ரான் கற்றையால் மேற்பரப்பை வருடிப் படமெடுக்கும் ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 10,000 மடங்கில் அவை வெட்டிப் போட்ட வைக்கோல்போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். மேடும் பள்ளமும் ஒரே நேரத்தில் ஃபோகஸில் இருப்பதுதான் இந்தக் கருவியின் அழகு. படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். பத்திரிகைகளில் வரும் நிறமெல்லாம் பிறகு பூசியது.

ஆனால் படத்தைத் தீர்மானிப்பது கருவி அல்ல, அதற்கு முந்தைய தயாரிப்பு. உள்ளே வெற்றிடம் என்பதால் ஈரம் இருக்கக் கூடாது. வழக்கமான முறை, திசுவை வடிவம் கெடாமல் நிலைப்படுத்தும் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் ஊறவைத்து, ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி நீரை எடுத்து, கார்பன் டை ஆக்சைடு கொண்டு உலர்த்துவது. திசுவின் வடிவம் நன்றாக நிற்கும். தாமரை இலைக்கு இதையே செய்தால் எதைப் பார்க்கப் போனோமோ அந்த மெழுகே கரைப்பானில் கெட்டுவிடும். நிழலில் காயவைத்து, மின்சாரம் கடத்துவதற்காக நேரே மெல்லிய தங்கம் பூசினால் மெழுகு தப்பும், மேடுகள் கொஞ்சம் சுருங்கும். எது முக்கியம் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பூச்சு சரியாக விழாத இடத்தில் மின்னூட்டம் தேங்கிப் படத்தில் வெள்ளைக் கோடுகள் இழுக்கும்.

எலக்ட்ரான்களைச் சாம்பிளுக்குள் ஊடுருவவிட்டுப் பார்க்கும் டிரான்ஸ்மிஷன் வகையை நான் அதிகம் புழங்கியதில்லை. அவசியம் இருந்தால் மட்டுமே போவேன். பிசினில் பதித்து, 70 நானோமீட்டர் அளவுக்குச் சீவி, மூன்று மில்லிமீட்டர் செப்பு வலையில் ஏற்றி, யுரேனியம், ஈய உப்புகளால் சாயமேற்ற வேண்டும். நிலைப்படுத்தப் பயன்படும் ஆஸ்மியம் டெட்ராக்சைடின் ஆவி கண்ணைப் பதம் பார்த்துவிடும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தையும் அப்படியே நம்பக் கூடாது. பாக்டீரியாவில் மீசோசோம் என்று ஓர் உறுப்பைப் பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது வேதிப்பொருள் கொண்டு நிலைப்படுத்தும்போது சவ்வு மடிந்து உருவான தோற்றம் என்பது 1970களில், உறையவைத்துப் பார்த்தபோதுதான் தெளிவாகத் தொடங்கியது.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நேரம் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை. கட்டணம் பெரும்பாலும் மணிக் கணக்கிலோ சாம்பிள் கணக்கிலோதான் இருக்கும். முதலில் அதே துண்டை ஒளி நுண்ணோக்கியில் பார்த்து, எந்தப் பகுதி வேண்டும் என்று செல்ஃபோனில் படமெடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். மெழுகு, மகரந்தம் மாதிரி மென்மையான பொருளாக இருந்தால் எலக்ட்ரான்களை முடுக்கும் மின்னழுத்தத்தை 5 கிலோவோல்ட்டில் தொடங்கச் சொல்லி ஆபரேட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் 15, 20 என்றுதான் வைப்பார்கள். உச்சப் பெருக்கத்துக்குப் போனதும் மெழுகு உங்கள் கண்ணெதிரிலேயே உருகும்.