எண்ணெய் ஊறிய மண்: அள்ளுவதா, பாக்டீரியாவிடம் விடுவதா?

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெய்க் கழிவை ஆட்கள் வாளியில்தான் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் முகத்துவாரச் சேற்றிலும் படிந்தது.

அள்ளுவதில் வேகம் உண்டு. சில நாளில் இடம் காலி. ஆனால் எண்ணெய் மறையவில்லை, லாரி ஏறி கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்குப் போகிறது, அவ்வளவுதான். பள்ளத்தை நிரப்பப் புது மண் வேறு வாங்க வேண்டும்.

சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எண்ணெயைத் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். பெரும்பாலும் அவை அந்த மண்ணிலேயே இருக்கும்; நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாமல் சோம்பிக் கிடக்கும். யூரியா, சூப்பர் பாஸ்பேட் தூவி, ஈரம் காத்து, காற்றுப் புக அடிக்கடி கிளறிவிட வேண்டும். சென்னை வெயில் இதற்குத் தோது. ஐப்பசி மழையில் மண் ஊறிப்போனால் ஆக்சிஜன் கிடைக்காமல் வேலை படுத்துவிடும், தார்ப்பாய் அவசியம். டீசல் மாதக்கணக்கில் குறையும், தார் மாதிரிக் கனமான பகுதி லேசில் அசையாது. ஈயம் கலந்திருந்தால் பாக்டீரியாவை நம்பிப் பயனில்லை.

என்னைக் கேட்டால், கட்டியாக நிற்பதை முதலில் அள்ளிவிட்டு, மிச்சத்தைப் பாக்டீரியாவிடம் விடலாம். அலையாத்திச் சேற்றில் மட்டும் கிளறல் வேண்டாம். மிதித்தாலே எண்ணெய் இன்னும் ஆழத்துக்கு இறங்கும்.