சிசிஐஇ லேப்: 18 மாதம் நேரத்தை எழுதிவைத்துப் படித்த அனுபவம்

சிசிஐஇ என்பது நெட்வொர்க் பொறியாளர்களுக்கு சிஸ்கோ நிறுவனம் தரும் உயர்நிலைச் சான்றிதழ். அதன் செய்முறைத் தேர்வான லேபுக்கு வேகம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதை விரல் வேகம் என்று எடுத்துக்கொண்டேன். முதல் நாலைந்து மாதம் விசைப்பலகையைப் பார்க்காமல் கட்டளை தட்டப் பழகியதும், கன்ஃபிக் வரிகளை (ரவுட்டரை அமைக்கும் கட்டளைகளை) மனப்பாடம் செய்ததும்தான் வேலை. அப்புறம் பெங்களூர் போய் எழுதினேன், ஃபெயில். தெரியாததால் விட்டவை குறைவு. தெரிந்தவற்றுக்கே நேரம் போதவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு நீளநோட்டு வாங்கினேன். அதில் ஒவ்வொரு பயிற்சிக்கும் நாலு கட்டம்: படிக்க எத்தனை நிமிடம், தட்ட எத்தனை, சரிபார்க்க எத்தனை, தப்பு தேட எத்தனை. சமையலறை டைமரை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டாவது முயற்சி வரை அந்த நோட்டை ஒரு நாளும் விடவில்லை.

தெரியாதவர்களுக்குத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். நான் எழுதியது என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர், அதாவது நிறுவன நெட்வொர்க் பிரிவு. மொத்தம் 8 மணி நேரம். முதல் 3 மணி நேரம் டிசைன் பகுதி. அதில் ரவுட்டரைத் தொட முடியாது. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்ப வரவும் முடியாது. மீதி 5 மணி நேரம் செய்து காட்டும் பகுதி. ஒரு கேள்வியில் ஐந்து நிபந்தனை இருந்து நாலைச் சரியாகச் செய்தாலும் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. நான் எழுதியபோது ஒரு முயற்சிக்குக் கட்டணம் 1,600 டாலர். 2001 வரை இது இரண்டு நாள் தேர்வாக இருந்தது. ஒரே நாளாகச் சுருங்கியதிலிருந்து நேரமும் ஒரு பாடமாகிவிட்டது என்பேன். கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினேன். அதனால் இங்கே வரும் உதாரணங்கள் எல்லாம் என் வீட்டு லேப்.

வீட்டு லேப் என்றால் 64 ஜிபி ராம் போட்ட பழைய டெஸ்க்டாப், அதில் ரவுட்டர்களைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க உதவும் ஈவ்-என்ஜி மென்பொருளின் இலவசப் பதிப்பு. அதே வேலையைச் செய்யும் சிஸ்கோவின் சிஎம்எல் பர்சனலும் ஒரு வருடம் வைத்திருந்தேன். ரவுட்டர் இமேஜ்கள் (ரவுட்டரின் மென்பொருள் கோப்புகள்) அதோடு முறையாகவே கிடைப்பது நிம்மதி. ஆனால் 20 நோடு (கருவி) வரம்பு பெரிய நெட்வொர்க் அமைப்புக்குப் போதவில்லை. சிறிய பயிற்சிக்கு சிஎம்எல், முழு நாள் பயிற்சிக்கு ஈவ் என்று பிரித்துக்கொண்டேன்.

நோட்டின் முதல் மாதப் பக்கங்களைப் பார்த்தபோது தூக்கிவாரிப்போட்டது. இரண்டு மணி நேரப் பயிற்சியில் தட்டுவதற்கு ஆனது 25 நிமிடத்துக்குள்தான். தப்பு தேடத்தான் ஒரு மணி நேரம் வரை போயிருந்தது. நான் மாதக்கணக்கில் விரலுக்குக் கொடுத்த உழைப்பால் அந்த 25 நிமிடத்தில் நாலைந்து நிமிடம் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு தப்பு என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் என்னோடு படித்த தம்பி, திருநெல்வேலிக்காரன். சனிக்கிழமைகளில் திரையைப் பகிர்ந்து ஒருவர் செய்ய ஒருவர் பார்ப்போம். ஒருநாள், "அண்ணே, நீங்க கேள்விய முழுசா படிக்கவே இல்ல. பாதியிலேயே தட்ட ஆரம்பிச்சிருதீங்க" என்றான். பதிவை ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். மூன்றாவது வரியில் 'ஸ்டாட்டிக் ரவுட் கூடாது', அதாவது வழியைக் கையால் எழுதக் கூடாது என்று இருக்க, இரண்டாவது வரியிலேயே என் கை ரவுட்டருக்குப் போயிருந்தது.

அதிலிருந்து 5 மணி நேரப் பகுதியின் முதல் 30 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு படிப்பது என்று வைத்தேன். எல்லாக் கேள்வியையும் கடைசிவரை படித்து, எது எதன்மேல் நிற்கிறது என்று தாளில் கோடு போட்டுவிடுவேன். ஆரம்பத்தில் நேரம் வீணாகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் பதினெட்டாவது கேள்வியின் நிபந்தனை நாலாவது கேள்வியின் விடையை மாற்றுவது அடிக்கடி நடக்கும். அது கடைசி ஒரு மணி நேரத்தில் தெரியவந்தால் அதோடு சரி.

நோட்டிலேயே மோசமான பதிவு 52 நிமிடம். ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி இரண்டும் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறைகள். அவற்றுக்கு நடுவே இரண்டு ரவுட்டர்கள், இரண்டிலும் இருபக்க ரீடிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒன்றின் வழிகளை மற்றதுக்குள் தள்ளுவது. வெளியிலிருந்து ஈஐஜிஆர்பிக்குள் வந்த ஒரு ரவுட்டுக்கு (வழிக்கு) நம்பகத்தன்மை எண் 170. எண் சிறியதானால் நம்பிக்கை அதிகம். முதல் ரவுட்டர் அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் தள்ளியதும் இரண்டாவது ரவுட்டருக்கு அதே ரவுட் 110-ல் வந்து சேர்கிறது. 110 சிறியது என்பதால் அது ஓஎஸ்பிஎஃப் வழியை நம்பி, திரும்ப ஈஐஜிஆர்பிக்குள் கொட்டுகிறது. தரவு போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரவுட் போட்டால் அதே முகவரிகள் மாறி மாறி வருகின்றன. நான் அன்று ஒவ்வொரு ரவுட்டராகப் போய் எதையாவது மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டியது இவ்வளவுதான்: தள்ளும்போது ஒரு டேக் (அடையாள எண்) ஒட்டு, எதிர்ப்பக்கம் அந்த டேக்கோடு வந்தால் தடு. இரண்டு அம்புக்குறி வரைந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதற்கப்புறம் ரீடிஸ்ட்ரிபியூஷன் என்ற சொல்லைக் கண்டாலே முதலில் தாளில் படம். நோட்டில் அது 12 நிமிடத்துக்கு இறங்கியது.

சின்ன விஷயங்களும் உண்டு. கட்டளை வரியில் ஒரு சொல்லைத் தவறாகத் தட்டினால் ரவுட்டர் அதை ஏதோ கணினியின் பெயர் என்று நினைத்து பெயருக்கு முகவரி தரும் டிஎன்எஸ்ஸில் தேடப் போய்விடும். அரை நிமிடத்துக்கு மேலும் திரை அசையாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விடும். அந்தத் தேடலையே முதலில் அணைத்துவிடுவது இன்னும் நல்லது. அதே போல ரவுட்டரிலேயே ஓடும் டிசிஎல் என்ற நிரல்மொழியில் நாலு வரி எழுதி எல்லா முகவரிக்கும் ஒரே மூச்சில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பப் பழகுங்கள். சரிபார்க்கும் கட்டத்தில் என் நேரம் பாதியானது அதனால்தான்.

எஸ்டி-ஆக்சஸில் (நெட்வொர்க்கை ஒரே மையத்திலிருந்து அமைக்கும் சிஸ்கோ முறை) ஒரு புரொவிஷனிங் வேலையை, அதாவது கருவிகளுக்கு அமைப்பை அனுப்பும் வேலையைத் தொடங்கினால் முடியச் சில நிமிடமாகும். முன்பு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுக் காய் நறுக்குவது போல, அதை ஓடவிட்டு பிஜிபி என்ற இன்னொரு வழி சொல்லும் முறையின் கன்ஃபிகை நோட்பேடில் எழுத ஆரம்பித்தேன்.

'சிக்கினால் 15 நிமிடத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ' என்ற அறிவுரையை நான் பாதிதான் ஏற்கிறேன். மல்டிகாஸ்ட்டோ (பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது) கியூஓஎஸ்ஸோ (எந்தத் தரவுக்கு முன்னுரிமை என்பது) என்றால் தாராளமாக விடலாம். அடியில் இருக்கும் ஓஎஸ்பிஎஃப்பை விட்டுவிட்டு அதை நம்பி ஓடும் எம்பிஎல்எஸ்ஸை மேலே கட்டினால் என்ன ஆகும்? நெய்பர் (பக்கத்து ரவுட்டர்) உறவு எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைநிலையிலேயே தொங்கினால் எம்டியூவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவைப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் ஓரடி நகராதீர்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. முதல் முயற்சிக்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தில் பெரிய தொகை கட்டினேன். அங்கே விடைகளை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நானும் செய்தேன். ஒரு நிபந்தனை மாறினாலும் அந்த விடையை எங்கே திருத்துவது என்று தெரியாமல் நின்றேன். புதிதாக எழுதுவதைவிட அதற்கு அதிக நேரம் பிடித்தது. தம்பி, தங்கைகள் அந்த வழியில் பணத்தைக் கொட்டக் கூடாது என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது முறை சென்னையிலிருந்து முந்தின நாளே பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் போய்விட்டேன். ரயிலில் எதையும் படிக்கவில்லை, நோட்டை மட்டும் புரட்டினேன். தேர்வில் எல்லாம் முடிந்தபோது 35 நிமிடம் கையில் இருந்தது. முதல் கேள்வியிலிருந்து வரி வரியாக மறுபடி படித்து ரவுட்டரோடு ஒப்பிட்டேன். இரண்டு இடத்தில் தப்பு இருந்தது, திருத்தினேன். பாஸ்.

தம்பிக்கு அடுத்த மாதம் தேதி. நோட்டு இப்போது அவனிடம் இருக்கிறது. அவனுக்கு நேரம் போவது வேறு இடத்தில்: டிசைன் பகுதியில் ஒரே கேள்வியில் ரொம்ப நேரம் நின்றுவிடுகிறான். அதற்காக அவனே ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறான்.