எண்ணெய் முகத்துக்கு வாங்கிய மேட் கிரீம், 8 மாதத்துக்குப் பிறகு

"அக்கா, நீ போடுற அந்த மேட் கிரீம் இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று சித்தி மகள் நேற்று போனில் கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. 8 மாதமாகப் போடுகிறேன், இரண்டாவது டியூப் பாதி தீர்ந்திருக்கிறது. அதனால் எழுதியே விடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். முன்பெல்லாம் காவேரிப்பட்டினம் தாண்டுவதற்குள் நெற்றியும் மூக்கும் பளபளக்கும், கர்சீப் எடுத்தாக வேண்டும். இந்த மே மாத வெயிலில்கூட மதியச் சாப்பாடு வரை முகம் அப்படியே இருந்தது. இது எண்ணெய் சுரப்பதை நிறுத்துவதில்லை. இதிலுள்ள சிலிக்கா என்ற நுண்பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது, வெளிச்சத்தையும் சிதறடிக்கிறது. மதியத்துக்கு மேல் மறுபடி மினுக்கத்தான் செய்யும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். சோப்புப் போட்டுக் கழுவினால் முகம் இழுத்துப் பிடிக்கும். எண்ணெய் முகம்தானே, இழுத்தால் நல்லது என்று பல வருடம் கிரீமே தொடாமல் இருந்தேன். அது தவறு. எண்ணெய் வேறு, ஈரப்பதம் வேறு. இதில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின் இருக்கிறது, இரண்டே வாரத்தில் அந்த இழுப்பு போய்விட்டது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். இதன் மேல் சன்ஸ்கிரீன் போட்டால், நோட்டில் ரப்பர் போட்டு அழிக்கும்போது வருமே, அதே மாதிரி வெள்ளை வெள்ளையாக உருண்டு வருகிறது. தாடையோரம், காதுக்கு முன்னால், நெற்றியில் முடி தொடங்கும் இடம் எல்லாம். இதிலுள்ள டைமெத்திகோன் என்ற சிலிகான் தோல்மேல் படலமாக நிற்கும். காய்வதற்குள் மேலே இன்னொன்றைத் தேய்த்தால் படலம் திரண்டு கழன்றுவிடும். அளவைப் பாதியாகக் குறைத்தேன். தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் போட்டேன். மூன்று சன்ஸ்கிரீன் மாற்றினேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை. பத்து நிமிடம் காயவிட்டால் கொஞ்சம் பரவாயில்லை, சரி. ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய வீட்டில், அடுப்புக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில் அந்தப் பத்து நிமிடத்துக்கு எங்கே போவது? அதைவிட, உருண்டு வருவதில் சன்ஸ்கிரீனும் சேர்ந்தே வருகிறது. அந்த இடத்தில் வெயிலுக்குப் பாதுகாப்பும் போச்சு. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

போன மாதம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. "என்னம்மா, முகம் உரியுதா?" என்று அத்தை எல்லார் முன்னாலும் கேட்டார்.

எண்ணெய்க்கு இவ்வளவு நன்றாக வேலை செய்த கிரீம் வேறு எதையும் நான் போட்டதில்லை. ஆனாலும் தங்கைக்கு என் பதில், வாங்காதே. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வேறு எது வாங்கினாலும், கடையில் சாம்பிள் கேட்டு, புறங்கையில் பூசி, அதன் மேல் நீ போடும் சன்ஸ்கிரீனையும் பூசித் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்கு.