“ஒரு வாரம் ஆஃப் பண்ணாதீங்கண்ணே” என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்

பழைய கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றில் போனது 17,000 ரூபாய். நேற்று ராத்திரிதான் முழு விஷயமும் தெரிந்தது. இன்று காலை கடைக்குப் போய் மல்லுக்கட்டிவிட்டு, ஒன்றும் நடக்காமல் பஸ் ஏறித் திரும்பி வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். வாயில் வருவதையெல்லாம் எழுதினால் பதிவைத் தூக்கிவிடுவார்கள், அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கடைப் பெயர் போடவில்லை. என்னிடம் ரசீது என்று இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதை நம்பிப் பெயரைப் போட்டால் கேஸ் உங்கள் மேலேயே திரும்பும் மாமா என்கிறான் அக்கா மகன்.

எனக்கு வலங்கைமான் பக்கம். அறுவடை மிஷின் பிடித்துவிட்டு, கூடவே நின்று மணிக்கணக்கு எழுதுவது என் வேலை. யார் வயல், எத்தனை மா, வண்டி இறங்கியது எப்போது, ஏறியது எப்போது, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு. இத்தனை வருஷமாக நோட்டில்தான் எழுதிவந்தேன். மழைக்காலக் குறுவை அறுப்பில் நோட்டு நனைந்து எழுத்து ஊறிப்போகும். போனில் எழுதிப் பார்த்தேன். ஈரக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக எண் போடுவது ஆகிற வேலையா? விசைப்பலகை உள்ள, கையில் அடங்குகிற கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால் தேவலை என்று ரொம்ப நாளாக ஆசை.

அப்போதுதான் பழைய பொருள் வாங்கி விற்கும் ஆப் ஒன்றில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஜிபிடி (GPD) பாக்கெட், 2017-இல் வந்த முதல் மாடல். 7 அங்குலத் திரை, 8 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பு, எடை அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கீழே. லேப்டாப்பைத் துவைத்துச் சுருங்கவிட்டது மாதிரி இருக்கும். கீழே ஒரு வரி: “விரும்பும் லினக்ஸ் போட்டுத் தரப்படும்.” லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள், அதில் பல வகை உண்டு. விளம்பரம் போட்டிருந்தது தஞ்சாவூரில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கடை. தீபாவளிக்கு முந்தின வாரம் நேரிலேயே போனேன். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாறக்கூடாது, நேரில் பார்த்து வாங்க வேண்டும் என்ற ஞானம் எனக்கு! பார்த்துத்தான் வாங்கினேன்.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். “வாங்கண்ணே, உக்காருங்க” என்று டீ வரவழைத்தார். அவர் பேசினதில் பொய் குறைவு, அதுதான் இப்போது எரிகிறது. “விண்டோஸ் 10-க்கு இந்த மாசம் 14-ஆம் தேதியோட சப்போர்ட் முடிஞ்சுதுண்ணே. 11 இதுல ஏறாது, பிராசஸர் பழசு. இதுக்கு லினக்ஸ்தான் மருந்து.” வீட்டுக்கு வந்து தேடினேன், அவ்வளவும் நிஜம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. இதிலிருக்கும் ஆட்டம் பிராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியலிலேயே கிடையாது. இந்த மாடலைக் கம்பெனியே உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டும் விற்றிருக்கிறது. இவ்வளவு தெரிந்த மனுஷன் ஏமாற்றுவாரா என்று யாருக்கும் தோன்றும்.

விலை 14,500. லினக்ஸுக்குத் தனியாக 2,500. சீட்டில் அதற்கு “லைசென்ஸ்” என்று எழுதியிருக்கிறார். உபுண்டு, டெபியன், மின்ட் என்று லினக்ஸ் வகைகள் எல்லாமே சும்மா இறக்கிக்கொள்ளக்கூடியவை. போட்டுக் கொடுத்ததற்குக் கூலி என்று கேட்டிருந்தால் தப்பே இல்லை, உழைப்புக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். எனக்கு அப்போது அந்த வித்தியாசம் தெரியாது. ஆக மொத்தம் 17,000. அதில் 14,500 ஒரு தனி ஆள் நம்பருக்கு யுபிஐயில், 2,500 கையில்.

“ஒரு மணி நேரத்துல ரெடி, பெரிய கோயிலைச் சுத்திட்டு வாங்கண்ணே” என்றார். போய்விட்டு வந்தேன். மேசைமேல் மிஷின் திறந்தபடி இருந்தது, திரையெல்லாம் எழும்பி நின்றது. பக்கவாட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு சின்னக் கறுப்புத் துண்டு செருகியிருந்தது. “உங்க ஊர் பேரு சொல்லுங்கண்ணே” என்று கேட்டு, தமிழ் விசைப்பலகையை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, “வலங்கைமான்” என்று அடித்துக் காட்டினார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். உள்ளங்கை அகல விசைப்பலகையில் என் ஊர்ப் பெயர், துணைக்கால் பிசகாமல். கணக்குக் கட்டத்தைத் திறந்து கூட்டல் போட்டுக் காட்டினார். அப்புறம் அந்தக் கறுப்புத் துண்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “இது என் மவுஸோட ரிசீவர்” என்றார். உருவிய பிறகும் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை.

கிளம்பும்போது சொன்னார்: “அண்ணே, ஒரு வாரத்துக்கு ஆஃப் பண்ணாதீங்க. மூடி வச்சா தானா தூங்கும், ராத்திரி சார்ஜ் போட்டுடுங்க. அப்டேட்டு உள்ளார ஓடிட்டிருக்கும், நடுவுல ஆஃப் பண்ணா கெட்டுரும்.” சரி என்று தலையாட்டினேன். அவர் அதைச் சுவிட்ச் போட்டு ஆன் செய்து காட்டவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. எனக்கு முன்னால் அது ஒரு தடவைகூட முதலிலிருந்து எழும்பவில்லை. ஓடுவதைத்தான் பார்த்தேன்.

மூன்று நாள் ராஜா மாதிரி இருந்தேன். வரப்பில் நின்று கணக்கடித்தேன். ஆத்தூரிலிருந்து வந்த டிரைவர் தம்பி, “என்னங்கண்ணா, பொம்மை கம்ப்யூட்டரா?” என்று சிரித்தார். பதினோரு பேர் வயல், 41 மணி நேரம், அத்தனையும் அதில். நாலாம் நாள் ராத்திரி மழையில் கரண்ட் போய் விடியவிடிய வரவில்லை. காலையில் பேட்டரி இறங்கி மிஷின் செத்துக் கிடந்தது. சார்ஜ் ஏற்றி ஆன் செய்தால் நீலத் திரை. விண்டோஸ் பழுதாகிவிட்டது, சரிசெய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி நிற்கிறது. லினக்ஸ் போட 2,500 வாங்கின மிஷினில் விண்டோஸ்! என் கணக்கும் இல்லை, வலங்கைமானும் இல்லை.

போன் செய்தேன். முதல் பதில்: “ஆஃப் பண்ணிட்டீங்களா? நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேண்ணே.” மறுநாள் கேட்டால், “லினக்ஸ் இலவச சாஃப்ட்வேர்ண்ணே, அதுக்கெல்லாம் கேரண்டி கிடையாது.” இலவசம் என்றால் 2,500 எதற்கு என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. அதற்கப்புறம் வாட்ஸாப்பில் நீலக் கோடு மட்டும் விழுகிறது, பதில் இல்லை. ஆப்பில் புகார் கொடுத்தால், வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ளவும் என்று ரெடிமேடாக ஒரு செய்தி. வாங்குவதற்கு முந்தின நாள் வரை அந்த ஆப், “விலை குறைந்தது, சீக்கிரம் வாங்குங்கள்” என்று மணிக்கொரு தரம் என் போனைத் தட்டிக்கொண்டிருந்தது.

அக்கா மகன் டிப்ளமோ படிக்கிறான். நேற்று சாயந்திரம் வந்து உட்கார்ந்தான். அவனுடைய பென்டிரைவில் டெபியன் இருந்தது. அதைச் செருகி எழுப்பினதும் முதலில் வந்த கிரப் மெனு (எதை எழுப்புவது என்று கேட்கும் பட்டியல்) படுத்தவாக்கில் நின்றது, இரண்டு பேரும் கழுத்தை ஒடித்துப் படித்தோம். “இந்த மாடல்ல திரை டேப்லட் மாதிரி நட்டுக்குத்தா இருக்கும் மாமா. கிரப்புக்கு அது தெரியாது, லினக்ஸோட கர்னல், அதான் அதோட மையப் பகுதி, ஏறினா நிமிந்துரும்” என்றான். அப்படியே நிமிர்ந்தது. கடையில் ஆன் செய்து காட்டியிருந்தால் இந்தச் சாய்ந்த மெனுவைப் பார்த்து நானே என்னவென்று கேட்டிருப்பேன்.

இன்ஸ்டால் கடைசிவரை ஓடி, முடிந்தது என்றும் சொன்னது. பென்டிரைவை உருவிவிட்டு மறுபடி எழுப்பினால் அதே நீலத் திரை. வேதாளம் மறுபடியும் முருங்கை மரம். சேமிப்பைப் பிரித்து வைத்திருக்கும் பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துப் பார்த்தான். அழிந்துவிட்டது என்கிறது, ஆஃப் செய்து ஆன் செய்தால் பழையபடி முளைத்து நிற்கிறது. கடைசியில் ஒரு சின்ன கோப்பை மட்டும் எழுதி வைத்துவிட்டுத் திரும்ப எழுப்பினான். அதையும் காணோம்.

அப்புறம் எம்எம்சி-யூட்டில்ஸ் என்று ஒரு சின்னக் கருவியைப் போட்டு எதையோ படித்தான். விஷயம் இதுதான். இதில் இருப்பது எஸ்எஸ்டி இல்லை, இஎம்எம்சி என்ற சில்லு, போர்டோடு பற்றவைத்தது. எழுத எழுத அது தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அந்தச் சில்லே ஒரு எண் சொல்லும். 01 என்றால் பத்து சதவீதத்துக்குள் தேய்ந்தது, கிட்டத்தட்டப் புதுசு. 0பி (0B) என்றால் கணக்குப் போட்ட ஆயுளைத் தாண்டிவிட்டது. என்னுடையது 0பி. ஆயுள் முடிந்த சில்லுகளில் சில இப்படித்தான் உறைந்துபோகுமாம். படிக்க விடும், எழுத விடாது. கழற்றி வேறொன்று மாட்டலாம் என்றால் வழியில்லை. இந்த மாடலில் மெமரி கார்டு போடுவதற்குக்கூட ஓட்டை கிடையாது.

“அப்புறம் எப்படிடா மூணு நாள் ஓடுச்சு?” என்று கேட்டேன். சிரித்தான் பாவி. பப்பி லினக்ஸ் மாதிரி சில வகைகள் பென்டிரைவிலிருந்து முழுசாக ராமுக்குள், அதாவது கரண்ட் இருக்கும்வரை மட்டும் நிற்கும் தற்காலிக நினைவகத்துக்குள், ஏறிக்கொள்ளும். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் உபுண்டு லைவிலும், எழுப்பும்போது கொடுக்கும் பூட் வரியில் ‘டுராம்’ (toram) என்று ஒரு சொல் சேர்த்தால் அப்படிச் செய்யும். ஏறினபின் பென்டிரைவை உருவினாலும் ஓடும், மூடி வைத்தால் தூங்கி எழும்பும். மின்சாரம் அறுந்தால் எல்லாம் போச்சு. அந்த மவுஸ் ரிசீவர்தான் பென்டிரைவ். என் 41 மணி நேரக் கணக்கு நீர்மேல் எழுத்து. இந்த வசதியைச் செய்தவர்கள் நல்லதுக்குத்தான் செய்தார்கள், ஹார்ட் டிஸ்க் செத்த மிஷினிலும் வேலை பார்க்கலாம் என்று. அதை வைத்தே செத்த மிஷினை உயிரோடு இருப்பதாகக் காட்டி 17,000 வாங்க முடியும் என்று கண்டுபிடித்தவர் தஞ்சாவூரில் கடை வைத்திருக்கிறார். தொழில் தெரியாமல் கெடுத்திருந்தால்கூட மன்னித்துவிடுவேன். இவர் நன்றாகத் தெரிந்தவர்.

இன்று காலை கடைக்குப் போனேன். ஒரு பையன் மட்டும் இருந்தான். “அண்ணன் திருச்சி போயிருக்காங்க.” போனில் பிடித்துக் கொடு என்றேன். பேசினார். “வேற ஆள் கையில குடுத்து நோண்டிட்டீங்கண்ணே, இனிமே நான் பொறுப்பில்ல.” ராம் விஷயத்தை எடுத்ததும் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், “பழைய சாமான் பழைய சாமான்தாண்ணே. வேணும்னா 3,000 குடுத்துட்டு நானே எடுத்துக்கறேன்.” 17,000-க்கு விற்ற மூன்றாம் வாரம்கூட ஆகவில்லை, 3,000! அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்காமல் ஏதோ ஒரு லேப்டாப்பின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவனைத் திட்டி என்ன செய்ய?

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். யுபிஐ விவரம், துண்டுச் சீட்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கேட்டார்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது. கிடைக்குமா கிடைக்காதா பார்ப்போம்.

கையடக்கக் கம்ப்யூட்டர் வாங்கி லினக்ஸ் போடுவது எப்படி என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் கோர்வையாக வரவில்லை, தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். கடைக்காரர் முன்னாலேயே முழுசாக ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், இரண்டு தடவை, பக்கத்தில் எதுவும் செருகாமல். ஒரு கோப்பு எழுதி வைத்து ஆஃப் செய்து ஆன் செய்து அது இருக்கிறதா என்று பாருங்கள். சேமிப்பு இஎம்எம்சியா எஸ்எஸ்டியா என்று கேளுங்கள். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) எல்எஸ்பிஎல்கே (lsblk) என்று அடித்துப் பாருங்கள், சேமிப்பின் பெயர் எம்எம்சி (mmc) என்று ஆரம்பித்தால் இஎம்எம்சி, என்விஎம்இ (nvme) என்று ஆரம்பித்தால் எஸ்எஸ்டி. லினக்ஸுக்கு லைசென்ஸ் என்று காசு கேட்டால் எழுந்துவிடுங்கள். பில் வாங்குங்கள், துண்டுச் சீட்டு இல்லை, பில்.

இப்போதைக்கு அக்கா மகன் அவனுடைய 32 ஜிபி பென்டிரைவிலேயே டெபியனைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அது பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது, வயலில் இடித்தால் உடையும். பதினோரு பேரிடமும் போய், “உங்க வயல்ல வண்டி எத்தனை மணி நேரம் ஓடிச்சு?” என்று நானே கேட்க வேண்டியிருக்கிறது. ஏழு பேர் சரியாகச் சொன்னார்கள். மற்ற நாலு பேருக்கும் மணி குறைந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்து அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே கடை, அதே படம், வேறொரு ஜிபிடி பாக்கெட். “விரும்பும் லினக்ஸ் போட்டுத் தரப்படும்.” விலை 15,500. பதினெட்டுப் பேர் பார்த்திருக்கிறார்கள். அதற்காகத்தான் இதை ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிறேன். காலையில் ஐந்தரைக்கு வண்டி இறங்குகிறது.