நேரடி எழுத்தா, &#2965; போன்ற எண்டிட்டியா?

எச்டிஎம்எல்லில் ‘க’ என்று நேராகவே எழுதலாம்; அதன் யூனிகோட் எண்ணைக் கொண்டு &#2965; என்றும் எழுதலாம்; இந்த இரண்டாவது வடிவம்தான் எண்டிட்டி. பிரவுசரில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். என் ஓட்டு நேரடி எழுத்துக்கு. கோப்பை யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) ஆகச் சேமித்து, அந்த முறையின் பெயரை, அதாவது சார்செட்டை, சொல்லும் மெட்டா டேகை முதல் 1,024 பைட்டுக்குள் வைத்தால் வேலை முடிந்தது.

யூடிஎஃப்-8-இல் 3 பைட் பிடிக்கும் தமிழ் எழுத்து எண்டிட்டியில் 7 பைட் ஆவதெல்லாம் பெரிய விஷயமில்லை, ஜிசிப் சுருக்கம் பார்த்துக்கொள்ளும். தலைவலி பராமரிப்பில்தான், அதுவும் எண்டிட்டி டேட்டாபேஸுக்குள் புகுந்த பிறகு. ‘அம்மா’ என்பது ஐந்து யூனிகோட் குறியெண்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். எண்டிட்டியாகப் போட்டால் 35 எழுத்து. ‘அம்மா’ என்று தேடினால் அகப்படாது. ‘அம்மாவுக்கு’ என்று தொடங்கும் தலைப்பை முன்னோட்டத்துக்காக 40 எழுத்தில் வெட்டுங்கள்:

&#2949;&#2990;&#3021;&#2990;&#3006;&#299

அரைப்புள்ளி இல்லாவிட்டாலும் பிரவுசர் அந்த 299-ஐ ஏற்றுக்கொண்டு, தலையில் கோடு போட்ட லத்தீன் ‘ஐ’ ஒன்றைக் காட்டும். ம, ய, ர, ற, ல, ள, ழ, வ எட்டும் 2990 முதல் 2997 வரை என்பதால் இது அடிக்கடி மாட்டும். அதே தரவு எஸ்எம்எஸ்ஸுக்கோ பிடிஎஃப்புக்கோ போனால், டீகோட் செய்ய, அதாவது எழுத்தாகத் திருப்ப, ஆளில்லாமல் எண்களாகவே நிற்கும்.

ஏற்கெனவே எஸ்கேப் ஆனதை, அதாவது எண்டிட்டியாக மாறியதை, இன்னொருமுறை எஸ்கேப் செய்தால் &#38;#2949; ஆகிவிடும்; திரையில் &#2949; என்று அப்படியே தெரியும். சரிசெய்ய லைப்ரரியின் டீகோட் ஃபங்ஷனை ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். கையால் ரீப்ளேஸ் போட்டே தீரவேண்டுமென்றால், என்கோட் செய்யும்போது & முதலில், டீகோட் செய்யும்போது கடைசியில். வரிசை மாறினால் தரவு கெடும்.

எண்டிட்டி தவிர்க்க முடியாத இடமும் உண்டு. & குறிக்கு &#38;, < குறிக்கு &#60;, ஆட்ரிபியூட்டுக்குள் மேற்கோளுக்கு &#34;, &#39;. இவற்றைச் சேமிக்கும்போது அல்ல, பக்கத்தில் அச்சிடும் கணத்தில் மாற்றுங்கள். ஸ்கிரிப்ட் டேகுக்குள் எண்டிட்டி டீகோட் ஆகாது. அங்கே ஜாவாஸ்கிரிப்டின் எஸ்கேப் முறைதான்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளுக்கும் எண்தான் நல்லது: உடையாத இடைவெளிக்கு &#160;, இணைப்பைத் தடுக்கும் எழுத்துக்கு &#8204;. நேரடியாக ஒட்டினால், அடுத்து கோப்பைத் திறப்பவர் வெற்றிடம் என்று அழித்துவிடுவார்.

எண்ணுக்குப் பதில் பெயர் போட்டு எழுதும் எண்டிட்டியும் உண்டு. பெயரா, எண்ணா என்றால் எண். எக்ஸ்எம்எல்லுக்குத் தானாகத் தெரிந்த பெயர்கள் ஐந்துதான். உடையாத இடைவெளிக்கான ‘என்பிஎஸ்பி’ என்ற பெயர், எக்ஸ்எம்எல்லில் எழுதப்படும் ஆர்எஸ்எஸ் ஓடையில் புகுந்தால் ஓடை முழுவதும் பார்ஸ் ஆகாமல் நிற்கும். எண்ணிலும் ஒரு பொறி: வளைந்த ஒற்றை மேற்கோளுக்கு &#146; என்று பழைய விண்டோஸ் எண்ணைப் போடுபவர்கள் உண்டு. எச்டிஎம்எல் அதைப் பொறுத்துக்கொண்டு சரியாகவே காட்டும், எக்ஸ்எம்எல் காட்டாது. சரியான எண் &#8217;.

பழைய மின்னஞ்சல் டெம்ப்ளேட்டுகளில் மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன். வழியில் ஏதாவது ஒரு கருவி ஆஸ்கியை (அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டுமே கடத்துமானால், அங்கே எண்டிட்டியே பத்திரம். ஒரு சோதனை மடல் அனுப்பிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.